கோரிக்கை மனு: காவிரிப் பள்ளத்தாக்கில் நடையாகவும் மிதிவண்டியிலும் செல்ல முறையான அனுமதி

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மலைநடை – மிதிவண்டி ஆர்வலர் சங்கம்,
தருமபுரி.

பெறுநர்:
தலைமை வன உயிரினக் காப்பாளர், சென்னை.
மாவட்ட ஆட்சித் தலைவர்கள், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்.
மாவட்ட வன அலுவலர்கள், தருமபுரி, ஓசூர் வனக் கோட்டங்கள்.

பொருள்: ஒகேனக்கல் முதல் பிலிகுண்டுலு, ராசிமணல் வரையிலான காவிரிக் கரைக் காடுகளில் புதிய சாலை அமைக்காமல், சிறு குழுக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் சென்றுவர எழுத்துபூர்வ நடைமுறை வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இந்தப் பள்ளத்தாக்கை ஒகேனக்கல் அருவியோடும் எண்ணெய்க் குளியலோடும் மீன் வறுவலோடும் மட்டுமே பலர் அறிவார்கள். அருவிக்கு மேலே, கரையோரம் நீர்மருதும் நாவலும் புளியும் கிளை கோத்து நிற்கும் காடு வேறோர் உலகம். 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது எங்கள் சங்கம் மனதார வரவேற்றது. அந்த மகிழ்ச்சி சிறிதும் குறையாமலே இம்மனுவை அளிக்கிறோம்.

எங்கள் முதல் கோரிக்கை, ஒன்றைச் செய்ய வேண்டாம் என்பதே. சுற்றுலா மேம்பாடு என்ற பெயரில் ஆற்றங்கரைக் காட்டுக்குள் தார்ச்சாலையோ சிமென்ட் நடைபாதையோ போட வேண்டாம். இங்குள்ள சாம்பல் நிற மலையணில் தரையில் இறங்க விரும்பாத உயிரினம். ஒரு மரத்தின் உச்சிக் கிளை அடுத்த மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது கூடு கட்டும், இரை தேடும், பகைக்குத் தப்பும். ஒரு ஜீப் போகும் அகலத்துக்கு மரங்களை அகற்றினாலே அதன் பாதை அறுந்துபோகும். யானையும் மாடும் நடந்து உண்டான ஒற்றையடித் தடம் மனிதன் நடக்கப் போதும். மிதிவண்டியை உருட்டிச் செல்லவும் போதும்.

இரண்டாவது, அனுமதி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 28-ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் ஆய்வு, புகைப்படம், சுற்றுலா ஆகியவற்றுக்கு அனுமதிச் சீட்டு வழங்க இடமளிக்கிறது. 27-ஆம் பிரிவு, பொது நெடுஞ்சாலை வழியே சரணாலயத்தைக் கடந்து செல்வோருக்கு விலக்கு தருகிறது. சட்டத்தில் வழி இருந்தும், களத்தில் எங்கே போகலாம், எங்கே கூடாது என்பது அன்றன்று பணியில் இருப்பவரின் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது. இதற்காகக் களப் பணியாளர்களை நாங்கள் குறை கூறவில்லை. தெளிவான உத்தரவு கையில் இல்லாதபோது 'போகாதீர்கள்' என்று சொல்வதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. எனவே தடங்களின் வரைபடம், கட்டணம், நாளொன்றுக்கு எத்தனை பேர், விண்ணப்பித்த எத்தனை நாளில் பதில் ஆகியவற்றை ஒரே ஆணையாக வெளியிட வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத்தீயில் நேர்ந்த உயிரிழப்புகளை நாங்கள் மறக்கவில்லை. அதன்பின் வந்த மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை முழுமனதோடு ஏற்கிறோம். கோடைத் தீப்பருவத்தில் தடங்களை அடைத்து வைப்பதையும் ஏற்கிறோம். 2024 அக்டோபரில் 40 தடங்களுடன் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தைப் போலவே இங்கும் இணையவழிப் பதிவு வரட்டும்; ஒரு குழுவுக்குப் பத்துப் பேர் என்ற வரம்பும் வேண்டும்.

மூன்றாவது கோரிக்கையைத் தாங்கள் தனிக்கவனத்துடன் படிக்க வேண்டுகிறோம். இந்தப் பள்ளத்தாக்கில் யானையைவிட ஆபத்தானது தண்ணீர். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டி, கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் நீர் திறக்கப்படும்போது தருமபுரியின் வானம் வெளுத்தே கிடக்கும். காலையில் மணல்திட்டாக இருந்த இடம் பிற்பகலில் ஆறாகிவிடும். 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் நீர்வரத்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடியைத் தாண்டியது. வெள்ளம் வடிந்தபின் கரையோரம் நடந்தவர்களுக்குத் தெரியும்: தலைக்கு மேலே மருதமரக் கிளைகளில் வைக்கோலும் கிழிந்த வலையும் பிளாஸ்டிக் பைகளும் சிக்கித் தொங்கும். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்து போனது என்பதை அவையே காட்டிவிடும்.

பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. அந்த அளவு மாவட்ட நிர்வாகத்துக்குக் கிடைக்கிறது. அதைக் கொண்டே ஒகேனக்கலில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதிக்கப்படுகிறது. அதே அளவு கரைத்தடத்தில் இருப்பவருக்கும் உடனே கிடைக்க வேண்டும். உள்ளே கைபேசி சிக்னல் கிடைப்பது அரிது என்பதால் குறுஞ்செய்தி மட்டும் போதாது. ஒவ்வொரு வழிகாட்டிக்கும் வனத்துறையின் வாக்கி-டாக்கி, தடம் தொடங்கும் இடத்தில் அன்றைய நீர்வரத்தை எழுதும் பலகை, அபாய மட்டத்தைக் காட்டப் பாறைகளில் வண்ணக் கோடு ஆகிய மூன்றும் வேண்டும். எத்தனை கன அடியில் கரைத்தடத்தை மூடுவது என்பதையும் முன்கூட்டியே நிர்ணயித்து அறிவிக்க வேண்டும்.

வழிகாட்டிகளாகப் பரிசல் ஓட்டிகளையும், வனத்தை ஒட்டிய ஊர்களில் வாழும் இருளர் மக்களையும் நியமிக்க வேண்டும். பரிசலுக்குத் தடை விதிக்கப்பட்டால் ஓட்டிகளுக்கு அன்றைய கூலி இல்லை. தடை வாரக்கணக்கில் நீளும்போது கடன்தான் வழி. அந்த நாட்களில் கரைத்தடம் மூடியிருந்தாலும் மேட்டுக்காட்டுத் தடத்தில் குழுக்களை அழைத்துச் செல்லலாம். எந்தச் சுழலில் முதலை கிடக்கும், நீர்நாய்க் கூட்டம் எந்தப் பாறையில் வெயில் காயும் என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாடம். நுழைவுக் கட்டணத்தில் பெரும்பங்கு அவர்களுக்கே நேரடியாகச் சேர வேண்டும்.

மிதிவண்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியுள்ளது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைச்சாலையிலும், அஞ்செட்டிச் சாலையிலும் யானைகள் குறுக்கிடுவது வழக்கம். மோட்டார் வாகனத்தின் இரைச்சலை யானை தொலைவிலேயே கேட்டு விலகலாம். மிதிவண்டி ஓசையின்றி இறங்கி வளைவில் நேருக்கு நேர் போய் நின்றுவிடும். அதன் நன்மையே அங்கு அபாயமும் ஆகிறது. ஆகவே காலை 7 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் இச்சாலைகளில் குழு மிதிவண்டிப் பயணத்துக்குத் தடை விதிக்குமாறு நாங்களே கேட்கிறோம். வளைவுகளில் மணி அடிப்பதையும், தனியாகச் செல்லாமையையும் எங்கள் உறுப்பினர்களுக்குக் கட்டாயமாக்கியுள்ளோம். அதேசமயம் காட்டுச் சாலைகளில் வாகனங்கள் அதிவேகமாகச் செல்வதைத் தடுக்க வேகத்தடைகள் தேவை. ஆற்றங்கரையில் மதுபாட்டில் உடைத்துப் போடுவோர் மீது நடவடிக்கையும் தேவை. அந்தக் கண்ணாடிச் சில்லு எங்கள் டயரைக் கிழித்தால் ஒட்டிக்கொள்ளலாம்; யானையின் பாதத்தில் ஏறினால் சீழ்பிடித்து நாட்பட்ட வேதனையாகும்.

ஆற்றின் மறுகரை கர்நாடகம். தடம் மாறியவரைத் தேடவும், அடித்துச் செல்லப்பட்டவரை மீட்கவும் இரு மாநில வனத்துறையினரும் உடனுக்குடன் பேசிக்கொள்ள ஒரு பொதுத் தொடர்பு எண் ஏற்படுத்த வேண்டும்.

தடங்களைத் தேர்வு செய்யுமுன் வன அலுவலர்கள், பரிசல் ஓட்டிகள், இருளர் கிராமப் பிரதிநிதிகள், எங்கள் சங்கத்தினர் ஆகியோர் சேர்ந்து அப்பகுதியை நேரில் நடந்து பார்க்க ஒரு நாள் ஒதுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தீப்பருவம் தொடங்குமுன் உள்ள ஜனவரி மாதம் இதற்கு ஏற்றது. தேதியைத் தெரிவித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: தருமபுரி