"முடியாது" என்று சொல்வது பாவமா?

சேக்காட்டில் ஒரு சிறு வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்காரர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து இப்போதுதான் படுத்தார். செல்போன் அலறுகிறது.

"அண்ணே! கோவிலில் நாற்காலி போட ஆள் இல்லை. நீங்க வந்தாத்தான் ஆகும்!"

"இதோ வர்றேன், தம்பி!"

வாய் அப்படிச் சொல்கிறது. உடம்பு வேறு சொல்கிறது.

ஆராதனை முடிந்ததும் கமிட்டிக் கூட்டம். மாலையில் ஜெபக் கூட்டம். நடுவில் ஒருவர் கடன் வாங்க ஜாமீன் கேட்கிறார். அதற்கும் "சரி"தான்!

சபையில் அவருக்குத் "தங்கமான மனிதர்" என்று பெயர். வீட்டில் மனைவி காய்ச்சலோடு கிடக்கிறாள். மகன் கணக்குப் பாடம் கேட்க அப்பாவைத் தேடுகிறான். அவரோ வந்ததும் எரிந்து விழுகிறார். ஊருக்குச் சிரிப்பு, வீட்டுக்குச் சிடுசிடுப்பு!

இது கற்பனை வீடுதான். ஆனால் ஆவடியிலும், அம்பத்தூரிலும், பூந்தமல்லியிலும் இப்படிப்பட்ட வீடுகள் இல்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

அன்பா? பயமா?

இந்தப் பகுதியில் பலர் பிழைப்புக்காக வந்து குடியேறியவர்கள். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எத்தனையோ ஊர்க்காரர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்குச் சபைதான் உறவு. கல்யாணத்துக்கும் அவர்கள்தான், சாவுக்கும் அவர்கள்தான்.

ஆகவே, "முடியாது என்றால் அந்த உறவு போய்விடுமோ?" என்ற பயம் மனதில் இருக்கிறது. அந்தப் பயத்தை நாம் அன்பு என்று நினைத்துக்கொள்கிறோம்.

எது அன்பு, எது பயம் என்று கண்டுபிடிப்பது எளிது. அன்பால் செய்த உதவியை மறந்துவிடுவோம். பயத்தால் செய்த உதவியைக் கணக்கு வைத்து, "இவ்வளவு செய்தேனே, ஒரு நன்றி உண்டா?" என்று பொருமுவோம்.

மாமனார் சொன்ன புத்தி

இதற்கு வழி பைபிளிலேயே இருக்கிறது.

மோசே பெரிய தலைவர். காலை முதல் மாலை வரை மக்கள் வழக்குகளோடு அவர் முன் நின்றார்கள். எல்லாவற்றையும் அவர் ஒருவரே தீர்த்தார். அதைப் பார்த்தார் மாமனார் எத்திரோ. "பலே, மருமகனே!" என்று பாராட்டவில்லை. "நீர் செய்வது நல்லதல்ல. நீரும் சோர்ந்துபோவீர், மக்களும் சோர்ந்துபோவார்கள்" என்ற பொருளில் கண்டித்தார். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கு ஒருவர், பத்துக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். மோசே கேட்டு நடந்தார்.

இயேசுவும் அப்படித்தான். ஒரு நாள் விடியுமுன் எழுந்து தனியிடம் போய் ஜெபம் செய்தார். சீடர்கள் தேடி வந்து, எல்லாரும் தேடுகிறார்கள் என்றார்கள். அவர் திரும்பி ஓடவில்லை; அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார்.

ஜாமீன் நிற்பதைப் பற்றி நீதிமொழிகளில் கடுமையான எச்சரிக்கை உண்டு. சபைக்காரர் ஆயிற்றே என்று கையெழுத்துப் போடுமுன் அதை ஒரு முறை படியுங்கள்!

அசரியா காட்டிய துணிவு

நெல்லைச் சீமையில், வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர் வே. சா. அசரியா. 1910-ல் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். அவர்கள் முன் நின்று இந்தத் தமிழர் மனதில் பட்டதைச் சொன்னார். "நிறையத் தியாகம் செய்தீர்கள், ஆனால் எங்களை நண்பர்களாக நடத்தவில்லை. நட்பைத் தாருங்கள்" என்பது அவர் பேச்சின் சாரம்.

அவர்கள் மனம் நோகுமே என்று அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. அதற்காக உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை. 1912-ல் அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்! உண்மையைச் சொன்னால் உறவு சாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எப்படிச் சொல்வது?

உடனே பதில் சொல்லாதீர்கள். "வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள்.

பொய்ச் சாக்குச் சொல்லாதீர்கள். "இந்த வாரம் முடியாது, அண்ணாச்சி. அடுத்த வாரம் வருகிறேன்" என்றால் போதும்.

முடிந்ததைச் சொல்லுங்கள். "பாட்டு வகுப்பு எடுக்கிறேன், கணக்கு எழுத வேறு ஆளைப் பாருங்கள்."

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நடு இரவில் ஒருவர் உயிருக்குப் போராடும்போது, "இது என் ஓய்வு நேரம்" என்று கதவைச் சாத்துவது எல்லை அல்ல. அது கல்நெஞ்சம்.

கேட்கிறவர்களுக்கும் ஒரு சொல்

போதகர்களே, கமிட்டிப் பெரியவர்களே! "இது கர்த்தருடைய வேலை, மறுத்தால் ஆசீர்வாதம் போய்விடும்" என்று யாரையும் மிரட்டாதீர்கள். இளகிய மனம் உள்ளவனையே தேடிப் பிடிக்காதீர்கள். ஆதி சபையில் விதவைகளுக்குச் சாப்பாடு பகிர்வதில் குறை வந்தது. அப்போஸ்தலர்கள் எல்லாவற்றையும் தாங்களே சுமக்கவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் செய்து வேலையை ஒப்படைத்தார்கள். ஒரே மாட்டை இரண்டு வண்டியில் பூட்டினால் இரண்டு வண்டியும் போய்ச் சேராது!

சேக்காட்டு அண்ணன் அடுத்த ஞாயிறு போனை எடுத்து, "இன்றைக்கு முடியாது, தம்பி. வீட்டில் உடம்பு சரியில்லை" என்று சொல்லட்டும்.

நாற்காலியை நாலு பேர் சேர்ந்து போடலாம். மகனுக்கு அப்பா ஒருவர்தான்!