ஒழுக்கமா, அடக்குமுறையா?

தாராவிச் சந்துகளில் இட்லிக் கூடை சுமந்தவரின் மகள் இன்று நர்சிங் கல்லூரி வாயிலில் வெள்ளுடையோடு நிற்கிறாள். பெருமைதான்! ஆனால் நம் மன்றத்துக்கு வரும் பெற்றோரின் முகத்தில் அந்தப் பெருமையைக் காணோமே, ஏன்?

இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி தெளிவானது. பாடத்திலும் செய்முறையிலும் 80 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம். செய்முறைப் பயிற்சி 100 விழுக்காடும் நிறைந்த பிறகே பட்டம். கடுமைதான், நாம் குறை சொல்லமாட்டோம். மருந்தின் அளவைத் தப்பாகப் படிப்பவர் கையில் நம் தாயை ஒப்படைப்போமா?

ஒழுக்கம் என்ற பெயரில் நடப்பதோ வேறு. விடுதிச் சோற்றில் புழு கிடந்ததைச் சொன்ன பெண்ணுக்கு ‘நடத்தை சரியில்லை’ என்று எச்சரிக்கைக் கடிதம்! காய்ச்சலில் விடுபட்ட வார்டு நாட்களை எப்படி ஈடுகட்டுவது என்று கேட்டவளுக்கு அபராதச் சீட்டு! வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டும் தகப்பனுக்கு மகளின் மதிப்பெண்ணைக்கூடக் காட்டுவதில்லை. நோயாளியிடம் காட்டவேண்டிய ஒழுங்கும், நிர்வாகத்தின் முன் வாய்பொத்தி நிற்பதும் ஒன்றா?

பெற்றோரே, சேர்க்கும் நாளிலேயே விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் புரியவில்லையென்றால் ஞாயிறு மாலை மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். வரிக்கு வரி தமிழில் சொல்கிறோம். அபராதம் கட்டிய ரசீதுகளையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.