பரிசோதனை முடிவு கம்பெனி ரகசியம் அல்ல
மரபணு ஆய்வில் தொழில் நிறுவனக் கூட்டு: எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

கத்தரிக்காய்ப் புழு புல்லிவட்டத்தின் அடியில் துளைத்து உள்ளே போனதும் தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். அதன்பின் எந்த மருந்தடித்தும் எட்டாது. ஆனாலும் விவசாயிகள் அடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இதற்கு மாற்றாக, பிடி பாக்டீரியாவின் மரபணுவைக் கத்தரியில் ஏற்றிய மஹிகோ நிறுவனம், அதைக் கோவை, தார்வாட் வேளாண் பல்கலைக்கழகங்களுக்கு ராயல்டி கேட்காமல் கொடுத்தது. பணம் தந்தது அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு; ஒருங்கிணைப்பு கார்னெல் பல்கலைக்கழகம். கோவை விஞ்ஞானிகள் கோ 2, எம்டியு 1 போன்ற தங்கள் ரகங்களுக்கு அந்த மரபணுவைக் கடத்தினார்கள். இவற்றில் விதை எடுத்து மறுபோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டு விதை விற்பது கம்பெனியின் வியாபாரம். ஏற்பாடு என்ற அளவில் இதில் குறை சொல்ல அதிகமில்லை என்றே அமைப்பு கருதுகிறது.

சறுக்கியது வேறிடத்தில். நச்சுத்தன்மை, ஒவ்வாமைச் சோதனைகள் கம்பெனியே ஏற்பாடு செய்தவை. அவற்றின் முழு விவரம், தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு, நீண்ட இழுபறிக்குப் பிறகு 2008இல்தான் வெளியே வந்தது. 2009 அக்டோபரில் மத்திய ஒப்புதல் குழு இந்தக் கத்தரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டார். 2010 பிப்ரவரி 9 அன்று அனுமதியை நிறுத்திவைத்தார். சுதந்திரமான சோதனை இல்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. கோவை ரகங்களும் அதோடு முடங்கின.

அதே மரபணுவை வங்கதேசம் 2013இல் அனுமதித்தது. அங்கே 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்தது அரசு ஆய்வு நிறுவனம்.

கம்பெனிப் பணம் கல்வி நிலையத்துக்குள் வரவே கூடாது என்ற வாதத்தை அமைப்பு ஏற்கவில்லை. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினுக்கு வேண்டிய அமிலத்தை ஈஸ்டில் உண்டாக்கிய பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு இடம்பெற்ற திட்டத்துக்கு 2004இல் கேட்ஸ் அறக்கட்டளை 4.26 கோடி டாலர் தந்தது. வளரும் நாடுகளுக்கான மலேரியா மருந்துக்கு ராயல்டி வாங்குவதில்லை என்று பல்கலைக்கழகம் தொடக்கத்திலேயே எழுதிக்கொடுத்தது. ஈஸ்டை மேம்படுத்தியது அமைரிஸ் என்ற கம்பெனி; ஆலையில் தயாரித்தது சனோஃபி.

ஆகவே அமைப்பு கேட்பது இவ்வளவே. பாதுகாப்புச் சோதனைக்கான செலவைக் கம்பெனி பொதுநிதியில் கட்டட்டும். ஆய்வகத்தை ஒழுங்குமுறைக் குழு தேர்ந்தெடுக்கட்டும். விண்ணப்பம் தரும் நாளிலேயே மூலத் தரவு முழுவதும் வெளியாக வேண்டும். போட்டியாளர் திருடிவிடுவார் என்பது பொருந்தாத சாக்கு. மரபணுவைக் காக்கக் காப்புரிமை இருக்கிறது, எலியின் ரத்தப் பரிசோதனையில் திருட என்ன இருக்கிறது? அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே கையெழுத்திட்ட ஒப்பந்தங்களையும் வெளியிட வேண்டும்.