கூச்சப் பூனைக்கு ஓர் அட்டைப்பெட்டி

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு ராஜபாளையம் நாய் என்றால் தனிப் பெருமை. இப்போது சில வீடுகளில் போட்டிக்குப் பெர்ஷியன் பூனை வந்திருக்கிறது. வந்ததும் நேரே கட்டிலுக்கடியில்! மூன்று நாள் குனிந்து கூப்பிட்டதில் வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்ததுதான் மிச்சம். 'இவ்வளவு காசு கொடுத்தேன், திமிரைப் பாருங்க சார்!'

திமிர் இல்லை சார், பயம். டிரான்ஸ்ஃபரில் வந்த புது கிளார்க்கை முதல் நாளே பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு தோளில் கை போட்டால்? மறுநாளே மெடிக்கல் லீவு போடுவார். பூனைக்கு ஏது லீவு? கட்டிலடிதான்!

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை சீக்கிரம் தெளிந்துவிட்டன என்று 2014-ல் எழுதினார்கள்.

சிவகாசிப் பக்கம் அட்டைப்பெட்டிக்கா பஞ்சம்? ஒரே கண்டிஷன்: பட்டாசு மருந்து பட்ட பெட்டி கூடாது. பூனை ஓயாமல் தன் ரோமத்தை நக்கும். அதில் ஒட்டியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். ஆலையிலிருந்து வருகிறவர் குளித்து, சட்டை மாற்றிவிட்டு அப்புறம் தொடட்டும்.

அடுத்தது சத்தம். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸில் ரிட்டயர் ஆகிவிடும். பூனைக் காது 60,000-க்கு மேலும் கேட்கும். திடீரென்று 'டமால்' என்றால் வெம்பக்கோட்டையில் மனிதர்களே 'எந்த ஆலை?' என்று பதறி வாசலுக்கு ஓடுகிறார்கள். விஷயம் புரியாத ஜீவன் என்ன பாடுபடும்! தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளி வெடிக்குக் காலை 6-7, இரவு 7-8 என்று நேரம் குறித்திருக்கிறார்கள். அதற்கு முன்பே பெட்டியை உள் அறையில் வைத்து ஜன்னலைச் சாத்துங்கள். தண்ணீரும் மண் தட்டும் உள்ளேயே இருக்கட்டும். வெளியே மட்டும் இழுக்காதீர்கள்.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையா? அதைக் கூச்சம் என்று விடக்கூடாது. உடனே கால்நடை டாக்டரிடம் போங்கள்.

சிநேகத்துக்கும் வழி உண்டு. கண்களைப் பாதி மூடி மெதுவாகச் சிமிட்டினால் பூனையும் பதிலுக்குச் சிமிட்டும், நீட்டிய கையை நெருங்கவும் செய்யும் என்று 2020-ல் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். (பஸ் ஸ்டாப்பில் முயற்சி செய்ய வேண்டாம்!) அது தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகு சீப்பை எடுங்கள். தினம் வாராவிட்டால் அந்த ரோமம் சடை பிடிக்கும்.

பூனையின் நம்பிக்கை ரெக்கரிங் டெபாசிட் மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போடணும். அவசரப்பட்டு நடுவில் உடைத்தால் வட்டி போச்சு!