ஒன்றுவிட்ட சனிக்கிழமை

லார்ஜ்மவுத் பாஸ் மீன் ஏரியில் இருந்தால் அதற்கு நிலையான விலாசம் உண்டு. முங்கிக் கிடக்கும் மரம், பாறை இடுக்கு, படகுத்துறை நிழல் என்று ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் அங்கேயே கிடக்கும். வாஷிங்டனுக்குக் கீழே, போடோமாக் ஆற்றில் அந்தக் கணக்கு செல்லாது. விடியற்காலையில் இலைக்காட்டுக்குள் இருந்த மீன் இரண்டு மணி நேரத்தில் ஓடைவாய்க்கு வந்திருக்கும். இன்னும் இரண்டு மணி நேரம் போனால் ஆழமான வாய்க்காலின் ஓரத்தில் நிற்கும். தண்ணீர் போகிற பக்கம் அதுவும் போகும்.

போடோமாக் செசபீக் விரிகுடாவில் சேரும் இடம் வாஷிங்டனிலிருந்து சுமார் 170 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அதற்கும் அப்பால்தான் கடல். இருந்தாலும் நகர எல்லையில் உள்ள செயின் பிரிட்ஜ் பக்கம் வரைக்கும் தினமும் இரண்டு முறை தண்ணீர் ஏறி இறங்குகிறது. உப்பு பாதி வழியிலேயே நின்றுவிடும். கடலின் தள்ளு மட்டும் மேலே வந்து சேரும். வாஷிங்டனில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 3 அடி வித்தியாசம். தெற்கே போகப் போக அது குறையும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் கரையோரத்தில் முழங்கால் ஆழமே உள்ள சதுப்பில் 2 அடி இறங்கினால் ஊரே காலியாகிவிடும்.

1965-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் இந்த ஆற்றின் நிலையைத் தேசிய அவமானம் என்றார். தலைநகரின் கழிவு எல்லாம் அதில்தான் போய்க்கொண்டிருந்தது. கோடையில் பாசி படர்ந்து நாறியது. 1972-இல் தூய நீர்ச் சட்டம் வந்தது. புளூ பிளெய்ன்ஸ் சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையும் படிப்படியாக மேம்பட்டது. 1982-இல் ஹைட்ரில்லா என்ற நீர்க்கொடி ஆற்றில் தென்பட்டது. எங்கிருந்தோ வந்த களை அது. படகுக்காரர்கள் புரொப்பெல்லரில் சுற்றுகிறது என்று திட்டினார்கள், இயந்திரம் வைத்து வெட்டவும் செய்தார்கள். அந்தக் களைதான் கலங்கல் தெளியக் கைகொடுத்தது. குஞ்சு மீன்கள் ஒளிந்துகொள்ள இடமும் கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ கொண்டுவந்து விட்ட பாஸ், அதன் பிறகு இந்த ஆற்றில் பெருகியது. கழிவுநீரைப் பற்றிப் பேசாமல் இந்த ஆற்றின் மீனைப் பற்றிப் பேச முடியாது என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

இனி தூண்டில். நம்மூர்க் குளத்தில் மண்புழு கோத்துப் போட்டவர்களுக்கு ஃப்ளை தூண்டில் விநோதமாகத் தெரியும். நம் தூண்டிலில் ஈயக்குண்டும் இரையும்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் முனையில் இருப்பது எடையே இல்லாத இறகும் முடியும். தடித்த, மெழுகு பூசியது போன்ற கயிறுதான் எடை. கோலை முன்னும் பின்னும் வீசி, காற்றில் அந்தக் கயிற்றை நீட்டினால் முனையில் இருப்பது கூடவே போகும். பாஸுக்குப் பெரும்பாலும் ஏழாம், எட்டாம் எண் கோல் எடுப்பார்கள். அதைவிட மெல்லியது காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

மேல்நீரில் போடும் பொய் இரைகளில் இரண்டு எனக்குப் பிடிக்கும். ஒன்று பாப்பர். கார்க்கிலோ ஃபோமிலோ செய்த தலை, முகப்பில் சின்னக் குழி, பின்னால் இறகு வால், பக்கவாட்டில் ரப்பர் கால்கள். கயிற்றைச் சுண்டினால் அந்தக் குழி தண்ணீரைக் கவ்வி ‘ப்ளுப்’ என்று சத்தம் போடும். மற்றது லேரி டால்பெர்க் உருவாக்கிய டைவர். மான் முடி உள்ளே பொந்தாக இருப்பதால் மிதக்கும். முள்ளின் தண்டில் அதைக் கொத்துக் கொத்தாக வைத்து நூலால் இறுக்கினால் சுற்றிலும் விரிந்து நிற்கும். பிறகு பிளேடால் செதுக்கிக் கூம்புத் தலையும் அதன் பின்னே ஒரு காலரும் எடுப்பார்கள். இழுத்தால் முங்கும், விட்டால் எழும். நாலைந்து மீன் கடித்த பிறகு முடி ஊறிப்போய் அரைகுறையாக மிதக்கும். அந்த நிலையில்தான் அது நிஜத் தவளை மாதிரி இருக்கிறது என்பது என் கட்சி.

வீசுவதைக் கற்றுக்கொடுக்க இந்த வட்டாரத்திலேயே ஒரு பெரிய வாத்தியார் இருந்தார். மேரிலாந்தின் ஃப்ரெடரிக் ஊரில் பிறந்த லெஃப்டி க்ரே (1925–2018). அவர் கட்டிய டிசீவர் என்ற ஃப்ளை 1991-இல் அமெரிக்கத் தபால்தலையிலேயே வந்தது. கோலின் நுனியைத் தண்ணீரை ஒட்டி வைத்துத் தொடங்கு, கயிற்றின் முனை அசையாமல் வீச்சு தொடங்காது என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன பாடம். பாப்பர் போடுகிறவர்களுக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். தண்ணீரைக் கவ்விக்கொண்டிருக்கும் பாப்பரை வெடுக்கென்று தூக்கினால் ஓடை முழுக்கக் கேட்கும்.

வீச்சு கைவந்தாலும் அது பாதிதான். எங்கே, எப்போது என்பதைத் தண்ணீர்தான் சொல்ல வேண்டும். மேரிலாந்துக் கரையில் மட்டவுமன் ஓடை இதற்குப் பேர்போனது. அதன் ஓரங்களில் ஸ்பாட்டர்டாக் என்ற மஞ்சள் பூ அல்லி வகை ஏக்கர் கணக்கில் நிற்கிறது. நம் அல்லி இலை தண்ணீரில் படுத்திருக்கும். இதன் இலை வற்றத்தில் காம்போடு நிமிர்ந்து நிற்கும், ஏற்றத்தில் கழுத்து வரை மூழ்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது சின்ன மீன்கள் எல்லாம் அந்தக் காட்டுக்குள் மேய்கின்றன. பாஸும் உள்ளேதான். இலைக்கு நடுவே முள்ளைப் போட்டால் மாட்டிக்கொள்ளும் என்பதால், முள்வாயை மறைத்து ஒரு நைலான் வளையம் கட்டியிருக்கும் ஃப்ளைதான் அங்கே சரிப்படும். அப்போதும் இத்தனை ஏக்கரில் எந்த இலைக்கடியில் என்று தேடுவது?

இறங்கத் தொடங்கினால் நிலைமை தலைகீழ். காம்புகளில் ஈரமான கருப்புப் பட்டை தெரிய ஆரம்பிக்கும்; எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே அளவுகோல். காட்டுக்குள்ளிருந்து கையகல வாய்க்கால்கள் வழியே தண்ணீர் வடியும். விரல் நீளமுள்ள கில்லி மீன்கள் அதே வழியாக வெளியேறியாக வேண்டும், இல்லாவிட்டால் சேற்றில் மாட்டும். வாய்க்கால் முக்கில், நீரோட்டத்துக்கு முகம் காட்டி, பாஸ் நிற்கும். அது விரட்டுவதில்லை, வாசலில் காத்திருக்கிறது. வற்றத்தின் முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு இந்த வாசல்கள் திறந்திருக்கும். கொஞ்சம் தெற்கே மேலோஸ் வளைகுடாவில் முதல் உலகப் போருக்காகக் கட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட மரக்கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன; 2019-இல் அதைத் தேசியக் கடல்சார் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே கப்பலின் விலா எலும்புகளுக்கு இடையே வடியும் தண்ணீரிலும் இதே நாடகம்தான்.

வாசலைக் கண்டுபிடித்தாயிற்று. பாப்பரை வாய்க்காலுக்குள் சற்று மேலே போட்டு, வடிகிற தண்ணீரோடு இறங்க விடுகிறோம். விழுந்த இடத்தில் வட்டங்கள் விரியும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் கெடுக்கிறார்கள். கை சும்மா இருக்காது. சுண்டு, இன்னொரு சுண்டு, இன்னொன்று. பாஸ் அந்தச் சத்தத்தை எப்போதோ கேட்டுவிட்டது. பக்கவாட்டுக் கோடு என்று அதன் உடம்பு நெடுக ஓடும் உறுப்பு, தண்ணீரின் அதிர்வைத் தோலாலேயே உணரும். மீன் கீழே வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. வட்டங்கள் முழுக்க அடங்கி, ரப்பர் கால் மட்டும் லேசாக நடுங்கும்போதுதான் பெரும்பாலான கடிகள். மீன்பிடிப்புக்குப் பொறுமை வேண்டும் என்று சொல்பவர்கள் காத்திருப்பதைச் சொல்கிறார்கள். காத்திருப்பது சுலபம், எல்லோரும் பேருந்து நிறுத்தத்தில் பழகியதுதான். கையில் கயிறு இருந்தும் இழுக்காமல் இருப்பது வேறு.

கடி வரும்போது அது கடியே அல்ல. பாஸ் வாயைத் திறக்கும் வேகத்தில் தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே உறிஞ்சுகிறது. அதன் தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். அவ்வளவு பெரிய பை ஒரே நொடியில் விரிகிறது. தண்ணீரில் ஒரு குழி விழுந்து, ‘கபக்’ என்ற சத்தத்தோடு பாப்பர் காணாமல் போகும். பார்த்தவுடன் கோலைத் தூக்கினால் பாப்பர் மீனின் வாயிலிருந்து வெளியே பறந்து நம் முகத்துக்கு வரும். கோல் தாழ்ந்தே இருக்க, இடது கை கயிற்றை நீளமாக இழுக்க வேண்டும். கனம் தெரிந்த பிறகுதான் கோல் எழலாம். கண் சொல்வதைக் கேட்காதே, கை சொல்வதைக் கேள் என்பது இந்தக் கலையின் சுருக்கம்.

இதே வாசல்களில் 2004 முதல் இன்னொருவரும் நிற்கிறார். விரால் இனம். சீனப் பக்கத்து ஸ்நேக்ஹெட், நம் வயல் விராலுக்குப் பங்காளி. 2002-இல் மேரிலாந்தின் கிராஃப்டன் ஊர்க் குளம் ஒன்றில் அகப்பட்டபோது நாடே அலறியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் போடோமாக்கிலும் தென்பட்டது. பாஸுக்குப் போட்ட தவளையை அதுவும் அடிக்கும். மன்னார்குடியில் இருக்கும் மாமா வாழ்நாள் முழுக்கத் தவளை கோத்து விரால் பிடித்தவர். தொலைபேசியில் இதைச் சொன்னதும் அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை.

“அந்த பாஸு எவ்வளவு பெருசுடா இருக்கும்?”

“உலக சாதனை பத்து கிலோ மாமா. இங்க ரெண்டு கிலோ வந்தாலே பெருசு.”

“பிடிச்சு?”

“விட்டுடுவேன்.”

“விரால் பிடிச்சா?”

“அதை உசுரோட வச்சிருக்கக் கூடாது மாமா, சட்டம். அங்கேயே அடிச்சுக் கொன்னுட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடலாம்.”

“அப்ப எதுக்கு ஊரைச் சுத்தற? விராலையே பிடிக்க வேண்டியதுதானே?”

குழம்புச் சட்டியின் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொல்வதில் தவறே இல்லை. என் வீட்டிலும் அதே கட்சிதான்.

இந்த ஆற்றின் நேரக்கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். ஏற்றமும் வற்றமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகின்றன. ஏழு நாளில் அது ஏறத்தாழ ஆறு மணி நேரம். இந்தச் சனிக்கிழமை விடியலில் தண்ணீர் இறங்கினால் அடுத்த சனிக்கிழமை விடியலில் ஏறும். அதற்கடுத்த வாரம் மறுபடி இறங்கும். கோடையில் பாஸ் மேலே வந்து அடிப்பது வெயில் ஏறுவதற்கு முன்பும் சாய்ந்த பிறகும்தான். ஆக, வாரம் முழுக்க வேலைக்குப் போகிற ஆளுக்கு விடியலும் வற்றமும் கூடி வருவது ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில், நம்மூர் வங்கி விடுமுறை மாதிரி. இதிலும் வடமேற்குக் காற்று பலமாக அடித்தால் ஆற்றை விரிகுடாப் பக்கம் தள்ளிவிடும்; கணக்கில் சொன்னதைவிடத் தண்ணீர் கீழே போய், படகு தரை தட்டும்.

எங்கள் வீட்டுக் காலண்டரில் ஏறும் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி, பிறந்தநாள் விழா, மளிகைக் கடை. இறங்கும் சனிக்கிழமைகளில் ஒன்றும் எழுதியிருக்காது. எழுதக் கூடாது என்று ஒப்பந்தம். துறையில் சந்திக்கும் சிலர் தங்களுக்கு ஒழிந்த நேரத்தில் வந்து, ஏறுகிற தண்ணீரில் மத்தியான வெயிலில் பாப்பரை அடித்துக்கொண்டிருந்துவிட்டு, இந்த ஆற்றில் மீனே இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அமெரிக்கக் கடலியல் துறையான நோவா ஏற்றவற்ற அட்டவணையை ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே போட்டு வைத்திருக்கிறது, காசு கிடையாது. நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஆறு நடக்கிறது. பார்க்காமல் கிளம்பி வந்தவர்கள் ஆற்றின் மேல் புகார் சொல்வது நியாயமில்லை.