பிரேக்கில் கை வைக்காதே என்பவர்களுக்கு...

மாமா ஒரு பழைய கார் வாங்கினார். நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். குமுளி போய் இறங்கி வந்தால் பின் சக்கரம் ஒன்று மட்டும் பக்கத்தில் போக முடியாத சூடு. டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பர் இறுகிப்போச்சு, கவ்வின பிடியை விடவில்லை. "வீட்டு வாசல்லயே மாத்திடலாம் மாமா"ன்னு சொன்னேன். தெருவே சண்டைக்கு வந்திருச்சு. "பி.காம் படிக்கிற பயலுக்கு பிரேக்ல என்னடா வேலை? உயிர் சமாச்சாரம்!"

உயிர் சமாச்சாரம்தான் மக்களே, அதனாலதான் சொல்றேன். போன வருஷம் இதே காரை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். ஜாக்கை மட்டும் நம்பி காருக்கு அடியில் ஆள். என்றைக்கோ திறந்த டப்பாவில் இருந்து பிரேக் ஆயில். கழற்றின வாஷரையே திரும்ப மாட்டினார்கள். பில் மட்டும்தான் புதுசு :-)

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசாக இருந்தால் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். குமுளியில் இருந்து லோயர் கேம்ப் வரை மிதித்துக்கொண்டே இறங்கினால் என்ன ஆகும்? ஆயில் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். 2022 டிசம்பரில் சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டி பக்கத்து பக்தர்கள் 8 பேர் இதே மலைப்பாதையில் கார் கவிழ்ந்து இறந்தார்கள். அதற்கு பிரேக்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. இந்த ரோடு சின்னத் தப்பைக்கூட பொறுக்காது, அவ்வளவுதான்.

ஆக, வாசலா ஒர்க்‌ஷாப்பா என்பதல்ல கேள்வி. முறையா செய்தோமா என்பதுதான். முன் சக்கரத்துக்குக் கட்டை, ஜாக்கோடு ஸ்டாண்ட், புது வாஷர், சீல் உடைக்காத ஆயில். ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்த பின் காலிப்பரில் பிஸ்டனை கிளாம்ப் போட்டு அமுக்கக்கூடாது, பெரும்பாலும் திருகித்தான் உள்ளே அனுப்பணும். ஏர் எடுக்கிற நிப்பிள் மேலே பார்த்து இருக்கணும். இடது வலது மாறினால் அது கீழே போயிடும், எத்தனை தடவை மிதிச்சாலும் காற்று முழுசா வெளியே வராது.

ரெண்டு பக்கமும் மாத்தினோம். ஒன்றரை நாள் ஆச்சு. காசு மிச்சமான்னு கேட்காதீங்க, டூல் வாங்கினதிலேயே பாதி போச்சு. ஆனா ஒவ்வொரு போல்ட்டும் எப்படி இறுக்கினதுன்னு எனக்குத் தெரியும். தரை ரோட்டில் மெதுவா ஓட்டிப் பார்த்த பிறகுதான் மலை ஏறினோம். சந்தேகம் இருக்கிறவர்கள் நல்ல மெக்கானிக்கைப் பக்கத்தில் வச்சுக்கோங்க, தப்பே இல்லை. தெரியாமல் பயப்படுவதும், தெரியாமல் நம்புவதும்தான் தப்பு.

டிஸ்கி: நம்ம ஊர் சின்ன கார்கள் நிறையவற்றில் பின்னாடி டிரம் பிரேக்தான். அதில் காலிப்பரே கிடையாது. இதைப் படிச்சுட்டு சக்கரத்தைக் கழற்றித் தேடாதீங்க :-)