ஒத்திகை பார்க்கட்டும், ஓலை எழுதித் தர வேண்டாம்

“விமானந்தாங்கிக் கப்பலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? தண்ணீர்க் குழாயடியில் வரிசை பிடிக்கவே நமக்குப் பொழுது போதவில்லை!” என்று தாராவியில் ஒரு நண்பர் கேட்டார். கேட்டதில் தவறில்லை. ஆனால் சம்பந்தம் இருக்கிறது.

1971 போரில் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கிய பழைய விக்ராந்த் எங்கே போயிற்று? 2014இல் இதே மும்பையில், தாருகானாக் கரையில் வைத்து உடைக்கத் தொடங்கினார்கள். கப்பலைக் கட்டுவதும் செப்பனிடுவதும் உடைப்பதும் உழைப்பாளியின் கை. அதில் மாலுமியாக ஏறுவதும் பெரும்பாலும் உழைப்பாளியின் பிள்ளை. ஆகவே அந்தக் கப்பல் யாருடைய போருக்குப் போகும் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

இன்று இந்தியாவிடம் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் இருக்கின்றன. ஒன்று ரஷ்யாவிடமிருந்து வாங்கி 2013இல் சேர்த்த விக்ரமாதித்யா. மற்றொன்று கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2ஆம் நாள் சேர்த்த புதிய விக்ராந்த். இதன் செலவு சுமார் 20,000 கோடி ரூபாய். இவற்றை அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளின் கடற்படைகளோடு சேர்ந்து இயங்கப் பழக்குகிறார்கள். 1992இல் இந்தியாவும் அமெரிக்காவும் தொடங்கிய ‘மலபார்’ பயிற்சி இன்று நான்கு நாடுகளின் பயிற்சியாகிவிட்டது. 2020 நவம்பரில் அரபிக் கடலில் விக்ரமாதித்யாவும் அமெரிக்காவின் நிமிட்ஸும் சேர்ந்து பயிற்சி செய்தன.

சேர்ந்து போரிடுவது என்றால், பத்துக் கப்பலை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வது அல்ல. ஒருவன் சொல்வது மற்றவனுக்குப் புரிய வேண்டும். ஒருவன் எண்ணெய் மற்றவன் கப்பலில் ஏற வேண்டும். மேலே பறப்பது நண்பனா பகைவனா என்று நொடியில் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உத்தரவு யார் கொடுப்பது என்பது முன்கூட்டியே தீர்ந்திருக்க வேண்டும்.

இது தீராமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரம் சாட்சி. 1942 பிப்ரவரி 27இல் ஜாவாக் கடலில் டச்சு, பிரிட்டிஷ், அமெரிக்க, ஆஸ்திரேலியக் கப்பல்கள் டச்சுத் தளபதி டோர்மன் தலைமையில் ஜப்பானியரை எதிர்த்தன. நான்கு நாட்டுக் கப்பல்களுக்கும் பொதுவான சைகைப் புத்தகம் கிடையாது. அவர் உத்தரவை மொழிபெயர்த்து அனுப்ப வேண்டியிருந்தது. மேலே விமானக் காவலும் இல்லை. டோர்மன் தம் கப்பலோடு மூழ்கினார்.

இரண்டே ஆண்டில் பாடம் கற்றார்கள். 1944 மார்ச் கடைசியில் அமெரிக்காவின் ‘சரடோகா’ நம் திருகோணமலைக்கு வந்து, பிரிட்டனின் ‘இல்லஸ்ட்ரியஸ்’ கப்பலோடு சேர்ந்து பழகியது. ஏப்ரல் 19இல் இரண்டும் சேர்ந்து சுமத்ராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கின. கடலில் விழுந்த அமெரிக்க விமானியைப் பிரிட்டிஷ் நீர்மூழ்கி காப்பாற்றியது. அடுத்த மாதம் சுரபாயாவைத் தாக்கப் போனபோது, தூரம் அதிகம் என்பதால் பிரிட்டிஷ் கப்பலில் பாரக்குடா விமானங்களை இறக்கிவிட்டு அமெரிக்க அவெஞ்சர் விமானங்களை ஏற்றிக்கொண்டார்கள். வழியில் ஆஸ்திரேலியக் கரையில் எண்ணெய் நிரப்பினார்கள். பழக்கம் இருந்ததால் காரியம் நடந்தது. இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே காலத்துக் கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1939 செப்டம்பர் 3இல் வைசிராய் லின்லித்கோ இந்திய மக்களின் பிரதிநிதிகள் ஒருவரையும் கேட்காமல் இந்தியாவைப் போரில் இறக்கினார். சபாங் தாக்குதலுக்கு ஐந்து நாள் முன்பு, 1944 ஏப்ரல் 14இல், பம்பாய் விக்டோரியா டாக்கில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற சரக்குக் கப்பல் வெடித்தது. பஞ்சு மூட்டைகளோடு சுமார் 1,400 டன் வெடிபொருள்! எழுநூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பல்லாயிரம் குடும்பங்கள் வீடிழந்து தெருவில் நின்றன. போர்முனை எங்கோ தூரத்தில். பிணம் விழுந்தது நம் துறைமுகத்தில். அந்தப் போர் வேண்டுமா என்று அந்த மூட்டை தூக்கிகளை யார் கேட்டார்கள்?

இன்றைய ஏற்பாடு என்ன? 2016 ஆகஸ்டில் அமெரிக்காவோடு ஒரு ஒப்பந்தம்: ஒருவர் துறைமுகத்தில் மற்றவர் எண்ணெய், உணவு, உதிரிப் பாகம் பெறலாம், கணக்குப் பார்த்துக் காசு கொடுக்கலாம். 2018 செப்டம்பரில் இரண்டாவது: இரகசியச் செய்தித் தொடர்புக் கருவிகளுக்கானது. 2020 அக்டோபரில் மூன்றாவது: வரைபடம், விண்கோள் தகவல் பகிர்வதற்கானது. டோர்மனுக்கு இல்லாமல் போனதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்படுகிறது.

இன்னும் இடைவெளி உண்டு. விக்ராந்தின் முன்பக்கம் மேல்நோக்கி வளைந்திருக்கும்; விமானம் தன் வேகத்தில் ஓடி அதில் எகிறும். அமெரிக்கக் கப்பலில் விமானத்தை விசைப்பொறி உந்தி எறியும். அதற்கென்று செய்த விமானம் நம் கப்பலிலிருந்து முழுச் சுமையோடு எழும்புவது கடினம். மீட்டர் கேஜ் வண்டியைப் பிராட் கேஜில் ஓட்டுவது போலத்தான். விக்ராந்தில் ஏறும் மிக்-29கே ரஷ்யாவுடையது. கப்பலை ஓட்டும் எந்திரம் அமெரிக்க வடிவமைப்பு. அடுத்து வரப்போகும் 26 ரஃபேல் பிரான்ஸ் நாட்டுடையது. அதற்கு 2025 ஏப்ரலில் கையெழுத்தாயிற்று. பல கடைச் சரக்கை வைத்துச் சமைக்கிறோம். எந்தக் கடைக்காரன் கதவைச் சாத்தினாலும் அடுப்பு அணையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும்.

இந்தப் பயிற்சிகளே கூடாது என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். 2007இல் வங்கக் கடலில் ஐந்து நாடுகள் சேர்ந்து மலபார் நடத்தியபோது, இடதுசாரிக் கட்சிகள் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்துக்குப் பிரசாரப் பயணம் நடத்தின. அவர்கள் எழுப்பிய கேள்வி சரியானது. ஆனால் முற்றாக வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. 2004 சுனாமியில் கடற்படைகள் ஒன்றுக்கொன்று உதவின. 2015இல் ஏமன் போரில் சிக்கிய 4,600க்கும் மேற்பட்ட இந்தியரை நம் கப்பல்களும் விமானங்களும் மீட்டு வந்தன. வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த வீடுகள் நம்மிடையே எத்தனை! நாளை அப்படி ஒரு நாள் வந்தால், அடுத்தவன் துறைமுகத்தில் எண்ணெய் பிடிக்கவும் அவனோடு ஒரே வானொலியில் பேசவும் வேண்டும். அதற்குப் பழக்கம் வேண்டும்.

பழகுவது வேறு, கட்டுப்படுவது வேறு. 2016 ஒப்பந்தத்தில் தளம் அமைக்க இடமில்லை, ஒவ்வொரு முறையும் தனித்தனியே முடிவு செய்வோம் என்று அரசு சொன்னது. நல்லது. ஆனால் அந்த முடிவை எடுப்பது யார்? நம் அரசியல் சட்டப்படி வெளிநாட்டு ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. அமைச்சரவை கையெழுத்துப் போட்டால் போதும். போர் மூண்ட நள்ளிரவில், கூட்டாளியின் கப்பல் குண்டேற்றிக்கொண்டு நம் துறைமுக வாசலில் நிற்கும்போது, ‘தனித்தனியே முடிவு’ செய்ய எத்தனை மணி நேரம் கிடைக்கும்?

கூட்டாளி என்றும் கூட்டாளியாகவே இருப்பான் என்பதும் இல்லை. 1971 டிசம்பரில் நம்மை மிரட்ட வங்கக் கடலுக்கு ‘என்டர்பிரைஸ்’ கப்பலை அனுப்பியது இதே அமெரிக்கா. அன்று துணையாக நின்ற சோவியத் நாடே இன்று இல்லை. வல்லரசுக்கு நிரந்தர நண்பன் கிடையாது. நமக்கு மட்டும் ஏன் நிரந்தரக் கடமை?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2022 ஆகஸ்டில் சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளியில் அமெரிக்கக் கடற்படையின் ‘சார்லஸ் ட்ரூ’ பழுது பார்க்கப்பட்டது. அதன் பிறகு காட்டுப்பள்ளி, மும்பை மஜகாவ் டாக், கொச்சி ஆகிய மூன்று தளங்களும் அமெரிக்கக் கப்பல்களைப் பழுது பார்க்க ஒப்பந்தம் பெற்றன. வேலை வருகிறது, மகிழ்ச்சி. ஆனால் எதிரியின் கண்ணுக்குப் போர்க்கப்பல் மட்டுமா தெரியும்? அதைச் செப்பனிடும் பட்டறையும் தெரியும். அங்கே வெல்டிங் பிடிப்பவன் ஒப்பந்தக் கூலியாக இருந்தால், அவன் செத்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது என்ன?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். மீட்பு, கொள்ளையர் தடுப்பு, கடற்காவல் ஆகியவற்றுக்கு எல்லா நாடுகளோடும் பழகுங்கள். ஆனால் கூட்டாளியின் போருக்கு நம் கப்பலோ துறைமுகமோ உதவுமுன் நாடாளுமன்றத்தில் வாக்கெடுங்கள். நம் கப்பலுக்கு நம் தளபதியே உத்தரவிட வேண்டும் என்பதை எழுத்தில் வையுங்கள். அந்நியப் போர்க்கப்பல் வரும் தளங்களில் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்குச் சமமான கூலியும் நட்ட ஈடும் கொடுங்கள்.

தாராவி நண்பருக்கு என் பதில் இதுதான்: குழாயடியில் வரிசை தப்பினால் ஒரு நாள் தண்ணீர் போகும். இந்த வரிசையில் நாம் இல்லாமல் முடிவெடுத்தால், போவது பிள்ளையின் உயிர். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் குழாயைப் பற்றியும் கேளுங்கள்; கப்பலைப் பற்றியும் கேளுங்கள்.